என்ன படிப்பது என்று முடிவாகவில்லையா? இஸ்திகாராவுக்கு முன் செய்ய வேண்டியவை

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் நம் வீடுகளில் ஒரே பேச்சுதான். "அடுத்து என்ன படிக்கப் போறே?" என்று மாமா கேட்கிறார், சாச்சா கேட்கிறார், பள்ளிவாசலில் பக்கத்து ஸஃப்பில் நின்றவரும் கேட்கிறார். "இன்னும் முடிவு பண்ணலை" என்று சொல்லும் பிள்ளைக்குப் பொறுப்பில்லாதவன் என்று பெயர் கிடைத்துவிடுகிறது.

பதினேழு வயதில் தெளிவு இல்லாமல் இருப்பது குற்றமல்ல. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் துறையைச் சொல்லாமலேயே சேர்ந்து, பிறகு தேர்ந்தெடுக்கலாம். நம் நாட்டில் பெரும்பாலும் விண்ணப்பத்திலேயே பாடத்தின் பெயரைக் கேட்கிறார்கள். அதனால்தான் இத்தனை பதற்றம். அந்தப் பதற்றத்தில் கடைசித் தேதியைத் தவறவிடுவதும், பக்கத்து வீட்டுப் பையன் சேர்ந்த படிப்பிலேயே பிள்ளையைத் தள்ளிவிடுவதும்தான் தவறு.

இஸ்திகாரா எப்போது?

"ஹஜ்ரத், மகனுக்கு என்ன படிப்பு என்றே தெரியவில்லை. இஸ்திகாரா செய்யலாமா?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். தாராளமாகச் செய்யலாம். குர்ஆனின் அத்தியாயங்களைக் கற்றுத் தருவது போலவே நபி (ஸல்) அவர்கள் எல்லாக் காரியங்களுக்கும் இஸ்திகாராவைக் கற்றுத் தந்தார்கள் என்று ஜாபிர் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியில் உள்ளது.

ஆனால் அந்த துஆவைக் கவனியுங்கள். "இந்தக் காரியம்" எனக்கு நல்லதென்றால் எளிதாக்கித் தா, கெட்டதென்றால் என்னை விட்டுத் திருப்பிவிடு என்றே கேட்கிறோம். அந்தக் காரியம் எது என்று குறிப்பிட வேண்டும் என்றும் அதே ஹதீஸில் வருகிறது. அப்படியென்றால், பெயர் சொல்லும் அளவுக்கு ஒரு காரியமாவது கையில் இருக்க வேண்டும். விசாரித்து, இரண்டு மூன்று படிப்புகளாகச் சுருக்கிக்கொண்ட பிறகு கேட்கும் துஆ இது. கனவு வர வேண்டும் என்ற நிபந்தனை அந்த ஹதீஸில் இல்லை. கனவுக்காகக் காத்திருந்து விண்ணப்பத் தேதியை விட்டுவிடாதீர்கள்.

முதலில் மஷூரா

ஆலு இம்ரான் 159-ஆம் வசனம் முதலில் ஆலோசனை செய்யச் சொல்கிறது. உறுதி கொண்ட பிறகு அல்லாஹ்வின் மீது தவக்குல் வைக்கச் சொல்கிறது. இந்த வரிசை முக்கியம்.

மஷூராவில் முதலில் உட்கார வேண்டியவர் படிக்கப் போகும் பிள்ளை. எந்தப் பாடத்தை யாரும் சொல்லாமலே எடுத்துப் படித்தான், எதில் மதிப்பெண் வந்தும் வெறுப்பு இருந்தது என்று கேளுங்கள். அடுத்து, அந்தப் படிப்பில் இப்போது இறுதியாண்டில் இருப்பவரிடமும், அந்த வேலையைச் செய்பவரிடமும் கேளுங்கள். முதலாண்டுப் பாடத்திட்டத்தைக் கல்லூரியின் இணையதளத்தில் பார்த்துவிடுங்கள். படிப்பின் பெயரை வைத்து ஆசைப்பட்டவர்கள் பலர் இங்கேயே தெளிந்துவிடுவார்கள்.

ஹலால் ஹராம் சட்டங்களில் முஆத் (ரலி), வாரிசுரிமைச் சட்டத்தில் ஸைத் (ரலி), கிராஅத்தில் உபை (ரலி) என்று ஸஹாபாக்களின் தனித்திறனை நபி (ஸல்) அவர்கள் பிரித்துச் சொன்னார்கள். எல்லோரும் ஒரே துறைக்குப் போக வேண்டியதில்லை.

மகள் விஷயத்தில், "கல்யாணம் வரைக்கும் ஏதாவது படிக்கட்டும்" என்று முடித்துவிடுகிறோம். மகனுக்குச் செய்யும் அதே மஷூரா மகளுக்கும் உரிய ஹக்.

எந்தக் கதவு திறந்திருக்கும்?

அப்படியும் முடிவாகவில்லை என்றால், அதிகக் கதவுகளைத் திறந்து வைக்கும் படிப்பைத் தேர்ந்தெடுங்கள். எந்தப் பட்டம் முடித்தாலும் யுபிஎஸ்சி சிவில் சர்வீஸ், டிஎன்பிஎஸ்சி குரூப் 1 தேர்வுகளை எழுதலாம். மூன்றாண்டு சட்டப் படிப்புக்கும், எம்பிஏவுக்கும் எந்தத் துறைப் பட்டமும் போதும். பி.காம் படித்துக்கொண்டே சிஏ தேர்வுகளை எழுதுபவர்கள் உண்டு.

பள்ளி ஆசிரியராகும் எண்ணம் சிறிதளவு இருந்தாலும், தமிழ், ஆங்கிலம், கணிதம், இயற்பியல், வரலாறு போன்று பள்ளியில் நடத்தப்படும் பாடத்தில் பட்டம் வாங்கி பி.எட் செய்வது நல்லது. புதுப்புதுப் பெயர்களில் வரும் பட்டங்களுக்கு அரசு வேலையின்போது இணைத்தன்மை ஆணை கேட்கப்படலாம். சேரும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

பொறியியல் கலந்தாய்வுக்கும் அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கும் தனித்தனி ஆன்லைன் விண்ணப்பங்கள். இரண்டுக்கும் விண்ணப்பிக்கலாம். விண்ணப்பித்தால் சேர்ந்தே ஆக வேண்டும் என்பதில்லை. யோசிக்க அவகாசம் கிடைக்கும்.

சான்றிதழும் பணமும்

தமிழகத்தில் முஸ்லிம்களுக்கு 2007 முதல் 3.5 சதவீத இடஒதுக்கீடு உள்ளது. லெப்பை, ராவுத்தர், மரைக்காயர், தக்னி, ஷேக், சையத் போன்ற உட்பிரிவுடன் கூடிய சாதிச் சான்றிதழ் இருந்தால்தான் அதைப் பெற முடியும். குடும்பத்தில் முதல் பட்டதாரி என்றால் அந்தச் சான்றிதழையும் வாங்கி வையுங்கள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது.

மனம் தெளியாத பிள்ளைக்காக நகையை அடகு வைத்து, வட்டிக்குக் கடன் வாங்கி மேனேஜ்மென்ட் சீட் வாங்காதீர்கள். வட்டி ஹராம் என்பது ஒருபுறம். படிப்பு பிடிக்கவில்லை என்று தெரிந்த பிறகும் அந்தக் கடனுக்காகவே பிள்ளை அதில் மாட்டிக்கொள்கிறான். குறைந்த கட்டணத்தில் அரசுக் கல்லூரியில் சேர்ந்தவனுக்குத் திசை மாறுவது சுலபம்.

விசாரித்து, கலந்து பேசி, இரண்டு ரக்அத் தொழுது, துஆ செய்து, முடிவெடுங்கள். பிறகு "அந்தப் படிப்பில் சேர்த்திருக்கலாமோ" என்று பிள்ளையின் காதில் விழும்படி பேசாதீர்கள். அதுவும் தவக்குலில் சேர்ந்ததுதான்.

நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும் ஹலாலான வாழ்வாதாரத்தையும் அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.