உஷார்! 'நாளைக்கு வாங்க' என்றால் ஸ்டேஷனை விட்டு நகராதீர்கள்

டியூஷன் முடிந்து ஏழரைக்கு வரவேண்டிய பதினைந்து வயதுப் பிள்ளை ஒன்பது ஆகியும் வரவில்லை. செல்போன் சுவிட்ச் ஆஃப். இந்த நேரத்தில் நம் வீடுகளில் முதலில் எழும் பேச்சு, "போலீஸுக்குப் போனால் நாலு பேர் என்ன சொல்வார்கள்? விடியட்டும்." அடுத்த பேச்சு, "24 மணி நேரம் ஆகாமல் புகார் வாங்கவே மாட்டார்களாம்."

இரண்டையும் கேட்காதீர்கள். 24 மணி நேரம் காத்திருக்கச் சொல்லும் சட்டம் எதுவுமே கிடையாது!

2013 மே 10 அன்று, 'பச்பன் பச்சாவ் ஆந்தோலன்' என்ற குழந்தைகள் உரிமை அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக உத்தரவிட்டது. 18 வயது நிரம்பாத பிள்ளையைக் காணோம் என்று புகார் வந்தால் எஃப்.ஐ.ஆர் போட வேண்டும். விசாரணையில் வேறு உண்மை தெரியும்வரை அதைக் கடத்தலாகவே கருத வேண்டும். 'யாரையாவது லவ் பண்ணி ஓடியிருக்கும், தானா வந்துடும்' என்ற ஊகத்துக்கு அங்கே இடமில்லை.

அந்த ஊகம் என்ன செய்யும் என்பதற்கு டெல்லியை ஒட்டிய நொய்டாவின் நிதாரி சாட்சி. ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராகக் காணாமல் போனார்கள். பெற்றோர் ஸ்டேஷன் படி ஏறியும் புகாரை யாரும் பொருட்படுத்தவில்லை. 2006 டிசம்பர் இறுதியில் சாக்கடையில் அந்தப் பிள்ளைகளின் எலும்புகள் கிடைத்தன. 2023-ல் அலகாபாத் உயர் நீதிமன்றம், விசாரணையைக் கடுமையாகச் சாடி, அந்தக் கொலைகளுக்காகத் தண்டிக்கப்பட்டிருந்தவர்களை விடுவித்தது. கோட்டைவிட்ட தடயங்களைப் பிறகு எந்த நீதிமன்றத்தாலும் மீட்டுத் தர முடியாது.

நம் சென்னையிலேயே, சாலிகிராமத்தில், 2011-ல் இரண்டு வயதுப் பெண் குழந்தை ஒன்று வீட்டருகே காணாமல் போனது. பல வருடத் தேடலுக்குப் பிறகு, பதினான்கு வயதில் அவள் எப்படி இருப்பாள் என்று செயற்கை நுண்ணறிவைக் கொண்டு படம் உருவாக்க வேண்டியதாயிற்று. பெற்ற பெண்ணின் முகத்தைக் கணினியிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் நிலை எந்த வீட்டுக்கும் வரக்கூடாது.

முதல் சில மணி நேரம் ஏன் முக்கியம்? மாம்பலத்தில் மின்சார ரயில் ஏறினால் எழும்பூர் நாலே ஸ்டேஷன். அங்கிருந்து இரவு ரயில் பிடித்தால் விடியும்போது மதுரை. ரங்கநாதன் தெருவிலும் மயிலாப்பூர் மாட வீதிகளிலும் கடைக்குக் கடை கேமரா இருக்கிறது. ஆனால் பழைய பதிவு சில நாட்களில், மிஞ்சினால் சில வாரங்களில், தானாக அழிந்துவிடும். போலீஸ் கேட்டு வாங்கினால்தான் அது சாட்சி.

செய்ய வேண்டியவை:

• அவசர உதவி எண் 112 அல்லது குழந்தைகள் உதவி எண் 1098-க்கு உடனே அழையுங்கள். ரயிலில் ஏறியிருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் ரயில்வே உதவி எண் 139-க்கும் சொல்லுங்கள்.

• பக்கத்தில் இருக்கும் ஸ்டேஷனுக்குப் போங்கள். 'எங்க லிமிட் இல்லை' என்று திருப்பி அனுப்பக்கூடாது. எந்த ஸ்டேஷனிலும் ஜீரோ எஃப்.ஐ.ஆர் பதியலாம்.

• புகார் பெற்றுக்கொண்டதற்குத் தரும் சி.எஸ்.ஆர் ரசீதோடு திருப்தி அடையாதீர்கள். எஃப்.ஐ.ஆர் நகல் கேளுங்கள், இலவசமாகவே தர வேண்டும். மறுத்தால் துணை ஆணையரிடம் போங்கள். மயிலாப்பூர், அடையாறு, தி.நகர் மூன்றுக்கும் தனித்தனித் துணை ஆணையர்கள் உண்டு.

• நான்கு மாதத்தில் பிள்ளை கிடைக்காவிட்டால் வழக்கு ஆள்கடத்தல் தடுப்புப் பிரிவுக்குப் போக வேண்டும். தேதியைக் குறித்துவைத்துக் கேளுங்கள்.

வாட்ஸ்அப்பில் உஷார்! போட்டோவோடு உங்கள் சொந்த நம்பரைப் போட்டால், "பிள்ளை எங்களிடம் இருக்கிறது, பணம் அனுப்பு" என்று மிரட்டுகிறவர்களுக்கு நீங்களே வழி காட்டியதாகும். ஸ்டேஷன் நம்பரை மட்டும் போடுங்கள். பிள்ளை கிடைத்ததும் படத்தை நீக்கச் சொல்லுங்கள். அந்த முகம் காலமெல்லாம் சுற்றக்கூடாது. 'பிள்ளை பிடிக்கிற கும்பல்' வதந்திகளை ஃபார்வர்ட் செய்யவே செய்யாதீர்கள். 2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டத்தில், குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்த சென்னை மூதாட்டியை அப்படியொரு வதந்தியை நம்பிய கூட்டம் அடித்தே கொன்றது.

பெற்றோரே, இன்று இரவே நான்கு விஷயங்களை எழுதி வையுங்கள்: பிள்ளையின் சமீபத்திய போட்டோ எந்தப் போனில் இருக்கிறது, உடல் அடையாளங்கள், பிள்ளையின் செல்போனின் ஐஎம்இஐ எண், நெருங்கிய நண்பர்கள் ஐந்து பேரின் நம்பர். பரீட்சை மார்க்குக்குப் பயந்தோ, திட்டுக்குப் பயந்தோ போன பிள்ளையும் கெட்டவர்கள் கையில் சிக்கலாம். ஆகவே 'கோபத்தில்தானே போனான்' என்று அசட்டையாக இருக்காதீர்கள். அக்கம்பக்கத்தார் பேச்சு நாலு நாளில் ஓய்ந்துவிடும். நீங்கள் தயங்கிய அந்த ஒரு இரவு மட்டும் திரும்பக் கிடைக்காது.