ஜன்னல் கண்ணாடி ஓரத்தில் மழைத்தண்ணீர் இறங்குதா? பட்டி வைக்கும்போது இதைக் கவனிங்க!

தேன்கனிக்கோட்டைப் பக்கம் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. மர ஜன்னல் உள்ள பழைய வீடுகளுக்கு வருடத்தில் இரண்டு பரீட்சை!

எங்கள் வீட்டில் பாட்டி அறை ஜன்னலின் கண்ணாடி உடைந்தபோது, புதுக் கண்ணாடியை நாங்களே மாட்டினோம். சுவருக்குப் பூசியதுபோக மிச்சமிருந்த பட்டித் தூளைத் தண்ணீரில் குழைத்து ஓரத்தில் அப்பினோம். அடுத்த மழைக்காலத்திலேயே அது வெடித்து, துண்டு துண்டாக உதிர்ந்தது. ஜன்னலின் கீழ்க்கட்டை ஊறி, விரலால் அழுத்தினாலே உள்ளே போனது. பாட்டியின் கட்டில் அந்த ஜன்னலை ஒட்டித்தான் இருந்தது. கண்ணாடி மேலே விழாதது எங்கள் நல்ல நேரம்.

பெயர் ஒன்று, பொருள் வேறு

சுவர்ப் பட்டி, வெள்ளை சிமென்ட் சேர்ந்தது. காய்ந்தால் கல் மாதிரி இறுகிவிடும். மரமோ மழையில் உப்பும், வெயிலில் சுருங்கும். அந்த அசைவைச் சுவர்ப் பட்டி தாங்காது.

கண்ணாடிப் பட்டி என்பது சுண்ணக்கட்டித் தூளை ஆளி விதை எண்ணெயில் பிசைந்தது. காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து எண்ணெய் மெதுவாக இறுகும். கடையில் 'மர ஜன்னல் கண்ணாடிக்கு வைக்கும் பட்டி' என்று தெளிவாகக் கேளுங்கள். ஜன்னல் சட்டப் பட்டிக்கான இந்தியத் தர எண் ஐ.எஸ். 419. இரும்பு ஜன்னல் எண்ணெயை உறிஞ்சாது என்பதால், அதற்கென்றே தனிப் பட்டி வாங்க வேண்டும்.

நேர்த்தியாக வைப்பது எப்படி?

1. கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, உடைந்த சில்லையும் பழைய பட்டியையும் சுரண்டி எடுங்கள்.

2. கண்ணாடி உட்காரும் காடியில் பிரைமர் அடித்துக் காயவிடுங்கள். இதை விட்டால், காய்ந்த மரம் பட்டியிலுள்ள எண்ணெயை உறிஞ்சிவிடும். பட்டி பொடிப்பொடியாக உதிரும்.

3. கண்ணாடியை, காடியின் அளவைவிட நீளத்திலும் அகலத்திலும் சுமார் 3 மி.மீ. குறைத்து வெட்டச் சொல்லுங்கள். இறுக்கமாகத் திணித்தால், மரம் அசையும்போது விரிசல் விழும்.

4. பட்டியை உள்ளங்கையில் நன்றாகப் பிசைந்து, முதலில் காடிக்குள் மெல்லிசாக வையுங்கள். அதன்மேல் கண்ணாடியை வைத்து, ஓரங்களை மட்டும் அழுத்துங்கள். நடுவில் அழுத்தினால் உடைந்துவிடும்.

5. கண்ணாடி நகராமல் சின்ன ஆணிகளைச் சட்டத்தில் அடியுங்கள். கண்ணாடியைப் பிடித்துக்கொள்வது ஆணி. பட்டியின் முக்கிய வேலை தண்ணீரைத் தடுப்பது.

6. இப்போது வெளிப்பக்கம் பட்டி வைத்து, பட்டித் தகட்டைச் சாய்த்துப் பிடித்து, ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை ஒரே இழுப்பாக இழுங்கள். நடுவில் நிறுத்தினால் அங்கே மேடு தட்டும். சரிவு சரியாக இருந்தால் மழைத்தண்ணீர் தேங்காமல் வழிந்துவிடும்.

உடனே பெயின்ட் வேண்டாம்!

இங்கேதான் நிறையப் பேர் அவசரப்படுகிறார்கள். பட்டியின்மேல் தோல் கட்ட ஒன்றிரண்டு வாரம் ஆகும். குளிர்ந்த, ஈரமான நாட்களில் இன்னும் தாமதமாகலாம். அதன்பிறகு பெயின்ட் அடிக்கும்போது கண்ணாடியின் மேலும் 2 மி.மீ. ஏறும்படி அடியுங்கள். பட்டிக்கும் கண்ணாடிக்கும் நடுவே தண்ணீர் நுழையாமல் இருக்க அந்த மெல்லிய கோடுதான் காவல்.

இரண்டு எச்சரிக்கை

வீட்டு பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்.-ஐத் தாண்டக் கூடாது என்ற விதி, 2017 நவம்பரில்தான் நம் நாட்டில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பெயின்ட்டில் ஈயம் அதிகம் இருக்கலாம். உலர வைத்துத் தேய்க்காமல், தண்ணீர் தொட்டு நனைத்துச் சுரண்டுங்கள். குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

ஆளி விதை எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கலாம். வெளியே விரித்துக் காயவைத்த பிறகே குப்பையில் போடுங்கள்.

எங்கள் ஜன்னலின் கீழ்க்கட்டையை ஆசாரி மாற்றிக் கொடுத்தார். பட்டியை இந்தமுறை ஒழுங்காக வைத்தோம். பெயின்ட் காய்ந்ததும் வெளியிலிருந்து ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றிப் பார்த்தோம். உள்ளே ஒரு சொட்டு இல்லை. பாட்டி கட்டிலை மறுபடி ஜன்னலோரமே போடச் சொல்லிவிட்டார். உங்கள் வீட்டு ஜன்னலிலும் மழைக்கு முன்னால் ஒரு குவளை ஊற்றிப் பாருங்களேன்!