கதிர் மருத்துவமும் முதுகெலும்பும்

மார்பகம், நுரையீரல், சிறுநீரகம் முதலிய உறுப்புகளில் தோன்றும் புற்றுநோய், குருதி வழியே சென்று முதுகெலும்பிலும் குடிபுகுவதுண்டு. அந்நிலையில் நோவைத் தணிக்கவும் தண்டுவடத்தைக் காக்கவும் கதிர் மருத்துவம் பெரிதும் பயன்படுகிறது. ஆயினும், நோவு தணிந்தமையால் எலும்பு வலுப்பெற்றுவிட்டது எனக் கொள்வது பிழையாகும்.

கரையான் அரித்த தூணை எண்ணுக. கரையானைக் கொன்றுவிடலாம், அதனால் அரிபட்ட மரம் நிரம்பிவிடாது. அதுபோலவே கதிர் புற்றணுக்களை அழித்த பின்னும், அவை அரித்த இடத்தில் புதிய எலும்பு வளர மாதங்கள் ஆகும். எலும்பை ஆக்கும் உயிரணுக்களையும் கதிர் தாக்குவதால், இடைக்காலத்தில் முள்ளெலும்பு உடலின் பாரம் தாங்காது நொறுங்கக்கூடும்.

உயர்ந்த அளவுக் கதிரைக் குறிவைத்துச் செலுத்தும் முறையைப் பற்றி 2013-ஆம் ஆண்டில் ஓர் ஆய்வு வெளிவந்தது. அதில் நோக்கப்பெற்றவை 252 நோயாளிகளின் 410 முள்ளெலும்புப் பகுதிகள். அவற்றுள் 57 பகுதிகளில், அஃதாவது நூற்றுக்கு 14 வீதம், புதிய முறிவு நேர்ந்தது அல்லது பழைய முறிவு மிகுந்தது. பெரும்பாலானவை முதல் 4 மாதங்களுக்குள் நிகழ்ந்தவை. ஒரு வேளைக்கு 24 கிரே அல்லது அதற்கு மேல் செலுத்தியவிடத்தும், எலும்பு முன்பே அரிபட்டோ கோணியோ நொறுங்கியோ இருந்தவிடத்தும் இடர் மிகுதி.

ஆதலின், எழுந்து நிற்கையில் மிகுந்து படுக்கையில் தணியும் புதிய நோவு தோன்றின், நோய் திரும்பியதென்று மனமுடைந்து அதனை மறைத்தலாகாது. அது முறிவாகவும் இருக்கலாம். எலும்புக்குள் மருத்துவச் சிமெண்டு செலுத்தித் தாங்கச் செய்யும் வழியும் உண்டு. கால்கள் தளர்ந்தாலோ, சிறுநீரும் மலமும் கட்டுக்கடங்காது போனாலோ, அப்பொழுதே மருத்துவமனை சேர்தல் வேண்டும்.