உக்கிராணத்தில் ஒரு சாம்ராஜ்யம்

தீபாவளிக்கு நான்கு நாட்கள் இருக்கும்போது நெய்யும் சர்க்கரையும் வாங்கிப் போட்டுவிட்டு, "எல்லாம் ஆயிற்று" என்று மூச்சுவிடும் நம் இல்லத்தரசிகள், இங்கிலாந்துப் பெண்மணிகளின் முன்யோசனையைக் கேட்டால் சற்று வியப்படைவார்கள். கிறிஸ்துமஸ் பண்டிகை டிசம்பர் 25-ந் தேதி. அன்றைய விருந்துக்குச் சிகரமான 'புட்டிங்' என்னும் பதார்த்தமோ, பழைய முறைப்படி நடக்கும் வீடுகளில், நவம்பர் கடைசியிலேயே வெந்து, துணியில் கட்டப்பட்டு, உக்கிராண அறையில் தொங்கத் தொடங்கிவிடும்.

இதற்கென்று ஒரு நாளே குறித்து வைத்திருக்கிறார்கள். பண்டிகைக்கு ஏறக்குறைய ஐந்து வாரங்களுக்கு முன் வரும் ஒரு ஞாயிற்றுக்கிழமையில், ஆங்கிலத் திருச்சபையார் தங்கள் உள்ளத்தைக் கிளர்ந்தெழச் செய்யுமாறு ஆண்டவனை வேண்டிப் பிரார்த்திப்பது மரபு. அந்தப் பிரார்த்தனையின் முதல் சொல்லுக்கு ஆங்கிலத்தில் 'கிளறு' என்றும் பொருள் உண்டு. கோயிலில் அதைக் கேட்ட பெண்களுக்கு அடுப்படி நினைவு வந்ததில் அதிசயமில்லை! 'கிளறும் ஞாயிறு' என்றே அந்நாளுக்குப் பெயர் ஏற்பட்டுவிட்டது. வீட்டிலுள்ள பெரியவர், சிறியவர் அனைவரும் ஆளுக்கு ஒருமுறை, கிழக்கிலிருந்து மேற்காகக் கரண்டியைச் சுழற்றி, மனத்திற்குள் ஏதேனும் வேண்டிக்கொள்வார்கள். குழந்தை யேசுவைக் காணக் கிழக்கிலிருந்து வந்த ஞானிகளின் நினைவாகத்தான் அந்தத் திசை.

கிளறுவது வேடிக்கை, அதற்கு முன் சாமான் சேகரிப்பதுதான் வேலை. 'கரண்ட்' என்று ஒரு பழம் வேண்டும். மின்சாரத்துக்கும் இதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை! கிரீஸ் தேசத்துக் கொரிந்து நகரின் பெயர் மருவி வந்த சொல் இது. மிளகைவிடச் சற்றே பெரிய, கறுத்த உலர்ந்த திராக்ஷை. இதைக் காம்பும் கல்லும் பொறுக்கிக் கழுவி உலர்த்த வேண்டும். பெரிய திராக்ஷையிலோ அக்காலத்தில் விதை இருக்கும். விரலை வெந்நீரில் நனைத்து நனைத்து ஒவ்வொன்றாக விதை எடுப்பதற்குள் ஒரு மாலைப்பொழுது கழிந்துவிடும். இவற்றுடன் ரொட்டித்தூள், சர்க்கரை, முட்டை, பாகில் ஊறிய நாரத்தை வகைத் தோல், வாசனைச் சரக்குகள், மதுவகை, மாட்டுக் கொழுப்பு. கடைசியில் சொன்னதைக் கேட்டு நம் வாசகிகளில் பலர் முகம் சுளிப்பார்கள். நாம் செய்முறை சொல்ல வரவில்லை. ஆகையால் பொறுத்தருள வேண்டும். நீரைக் குறைத்து, இனிப்பும் கொழுப்பும் மதுவும் மிகுத்துச் செய்வதால்தான் அது வாரக்கணக்கில் கெடாமலிருக்கிறது. நம் ஊறுகாய் ஜாடியின் சாஸ்திரத்துக்கு இது வெகுதூரமல்ல.

கைப்பொருள் இல்லாதவர்கள் என்ன செய்தார்கள்? சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் லண்டன் நகரத்துத் தொழிலாளிகள் 'வாத்துச் சங்கம்' என்று ஒன்றில் வாரந்தோறும் சில பென்ஸ் கட்டி வருவார்கள்; பண்டிகைக்கு முன் ஆளுக்கொரு பெருவாத்துக் கைக்கு வரும். தீபாவளிச் சீட்டுக் கட்டும் நம்மவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வீட்டில் அதை வாட்டும் அடுப்பு இல்லாதவர்கள் ரொட்டிக் கடைக்காரனுடைய அடுப்பில் கொடுத்து வாட்டி எடுத்துப் போவார்கள்.

இப்படி வீட்டு விஷயமாக இருந்த உக்கிராணத்தில் அரசாங்கம் தலையிட்ட கதைதான் ருசிகரமானது. கரண்ட் கிரீஸிலிருந்தும், சுல்தானா என்னும் விதையில்லாத் திராக்ஷை துருக்கியின் ஸ்மர்னாவிலிருந்தும், விதையுள்ளது ஸ்பெயினிலிருந்தும் வந்துகொண்டிருந்த காலம். முதல் மகாயுத்தம் முடிந்ததும் ஆஸ்திரேலியாவில் மரே நதிக்கரையில் குடியேற்றப்பட்ட சிப்பாய்கள் திராக்ஷை பயிரிட்டார்கள். விளைந்ததை வாங்க ஆள் வேண்டுமே! 1926-ல் பிரிட்டிஷ் அரசாங்கம் சாம்ராஜ்ய விற்பனை மன்றம் என்ற ஸ்தாபனத்தை ஏற்படுத்தியது. சாம்ராஜ்யத்துக்குள் விளைந்ததையே வாங்குங்கள் என்று ஜனங்களிடம் சொல்வது அதன் வேலை. 1927-ல் அது 'சாம்ராஜ்யப் புட்டிங்' என்று ஒரு பட்டியலை வெளியிட்டது. அரண்மனைத் தலைமைச் சமையற்காரர் ஸெடார் என்பவர் கொடுத்தது. பெயரைக் கேட்டாலே பிரெஞ்சுக்காரர் என்று தெரியும், போகட்டும்!

கரண்டும் சுல்தானாவும் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒவ்வொரு ராத்தல், விதையெடுத்த திராக்ஷை தென்னாப்பிரிக்காவிலிருந்து ஒரு ராத்தல், கொழுப்பு நியூஸிலாந்து, கிராம்பு ஸான்ஸிபார், ஜாதிக்காய் மேற்கிந்தியத் தீவுகள், ரம் ஜமெய்க்கா, பிராந்தி ஸைப்ரஸ் அல்லது பாலஸ்தீனம். முப்பது கோடிக்கு மேற்பட்ட ஜனங்கள் வாழ்ந்த பாரத நாட்டுக்குக் கிடைத்த இடம் எவ்வளவு? அரை அவுன்ஸ் இலவங்கப்பட்டை, அதிலும் இலங்கைக்குப் பங்கு. கால் தேக்கரண்டி மசாலைப்பொடி, அதிலும் மேற்கிந்தியத் தீவுகளுக்குப் பங்கு. அந்நியத் துணியை விலக்குங்கள் என்று 1921-ல் காந்தியடிகள் சொன்னதைக் குற்றமாகப் பார்த்தவர்கள், ஆறே வருஷங்களில் கிரேக்கத் திராக்ஷையை விலக்கச் சொன்ன விந்தையை நாம் ரசிக்காமலிருக்க முடியாது.

ஆனால் பட்டியலில் எழுதப்படாத நம் பங்கு ஒன்று உண்டு. சர்க்கரை எட்டு அவுன்ஸ், 'டெமராரா' வகை என்று அதில் கண்டிருந்தது. பிரிட்டிஷ் கயானாவிலுள்ள ஒரு நதியின் பெயர் அது. அடிமை முறை ஒழிந்ததும், அங்கிருந்த கரும்புத் தோட்டங்களுக்கு 1838 முதல் 1917 வரை சுமார் 2,39,000 இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டார்கள். பெரும்பாலோர் கல்கத்தாவில் கப்பலேறியவர்கள். சென்னையிலிருந்து போன கப்பல்களில் நம் தமிழ் மக்களும் இருந்தார்கள். 1927-லும் அங்கே கரும்பு வெட்டிக்கொண்டிருந்தவர்கள் மிகுதியும் அவர்களும் அவர்களுடைய சந்ததியாருமே. லண்டன் சீமாட்டி அந்தப் பழுப்புச் சர்க்கரையை அளந்து போட்டபோது, அவள் கிண்ணத்தில் இந்தியா கால் தேக்கரண்டி அளவில் நின்றுவிடவில்லை.

மன்றம் 1933-ல் மூடப்பட்டது. ஏழு வருஷங்களுக்குள் அந்தப் பட்டியலே எட்டாக் கனியாயிற்று. இரண்டாவது யுத்தத்தில் ஜெர்மானிய நீர்மூழ்கிகள் சரக்குக் கப்பல்களை மூழ்கடிக்க, 1940 ஜனவரி 8 முதல் சர்க்கரைக்கும் வெண்ணெய்க்கும் பங்கீடு வந்தது. பிறகு ஆளுக்கு வாரம் எட்டு அவுன்ஸ் சர்க்கரை, கிடைத்தால் ஒரு முட்டை என்றாயிற்று. ஸெடாரின் புட்டிங்குக்கு ஐந்து முட்டை. அதாவது ஐந்து பேருடைய வாரப் பங்கு! அக்டோபரிலிருந்தே ஒரு பிடி, அரைப் பிடியாகப் பெண்கள் திராக்ஷை சேர்த்து வைத்தார்கள். போதாததற்குக் காரட்டையும் உருளைக்கிழங்கையும் துருவிப் போட்டார்கள். முட்டைக்குப் பதில் அமெரிக்காவிலிருந்து வந்த முட்டைப்பொடி. ஆண்கள் போர்முனையிலிருந்த வீடுகளிலும் புட்டிங் செய்யாமல் விடவில்லை என்பதைப் பாராட்டத்தான் வேண்டும்.

யுத்தம் முடிந்தும் 1954 ஜூலை 4 வரையில் பங்கீடு முற்றிலும் நீங்கவில்லை. இன்று புட்டிங்கைக் கடையிலேயே வாங்கிவிடுகிறவர்கள் அநேகர். சாம்ராஜ்யமும் இல்லை, கிராம்பு விளைவில் ஸான்ஸிபாரை இந்தோனேஷியா எப்போதோ மிஞ்சிவிட்டது. சுல்தானாவோ, அவ்வளவு விளம்பரத்துக்கும் பின், பெரும்பாலும் பழையபடி துருக்கியிலிருந்தே வருகிறது.