வேலந்தாவளத்தில் விசிறி, மூணாறில் ஸ்வெட்டர்

கோவையிலிருந்து மேற்கே வருகிறவர்களுக்குக் கேரளத்தின் வாசல்களில் ஒன்று வேலந்தாவளம். சோதனைச் சாவடியும் காய்கறிச் சந்தையும் உள்ள எல்லை ஊர். சித்திரை, வைகாசியில் இங்கே விசிறி இல்லாமல் உட்கார முடியாது. மார்கழி விடியலிலோ, பாலக்காட்டுக் கணவாய்க் காற்றுக்குத் தலையில் ஒரு மப்ளர் போதும்.

ஆனால் இங்கிருந்து வேலைக்காக மூணாறுக்குப் பஸ் ஏறுகிறவரின் கதை வேறு. பொள்ளாச்சி, உடுமலை தாண்டி சின்னாறு வரும்போது சட்டை வியர்வையில் நனைந்திருக்கும். மறையூரில் காற்று இதமாகும். மூணாறு நெருங்கும்போது பஸ்ஸின் ஜன்னல்கள் ஒவ்வொன்றாக அடைபடும். காலையில் வெயில் காலத்தில் புறப்பட்டவர் மாலையில் குளிர்காலத்தில் இறங்குகிறார்.

காரணம் எளிது. ஆயிரம் மீட்டர் உயரம் ஏறினால் சுமார் 6 டிகிரி வெப்பம் குறையும். மூணாறு நகரம் 1,500 மீட்டருக்கு மேல் இருக்கிறது. சில எஸ்டேட்கள் அதற்கும் மேலே. செண்டுவாரை போன்ற இடங்களில் 2019 ஜனவரியில் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே இறங்கி, தேயிலைச் செடிகள் உறைபனியில் கருகின.

சட்டத்தில் போர்வை உண்டு, ஸ்வெட்டர் இல்லை

மலைத் தோட்டங்களுக்குச் சென்ற தமிழருக்கும் கம்பளிக்கும் பழைய உறவு உண்டு. கங்காணி காலத்தில் இலங்கைத் தோட்டங்களில் கொடுத்த கம்பளியின் விலை தொழிலாளியின் கடன் கணக்கில் ஏறியது. குளிருக்குப் போர்த்தியதே கழுத்துக்குச் சுமையானது.

இந்தியாவில் 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் இந்த விஷயத்தைக் கவனித்தது. மழையிலிருந்தும் குளிரிலிருந்தும் தொழிலாளரைக் காக்கக் குடை, போர்வை, மழைக்கோட்டு போன்றவற்றை முதலாளி வழங்க வேண்டும் என்று மாநில அரசு விதி செய்யலாம் என அதன் 17-ஆம் பிரிவு கூறியது. அந்தப் பட்டியலில் ஸ்வெட்டரின் பெயர் இல்லை. போர்வையைப் போர்த்திக்கொண்டு இரவில் தூங்கலாம். கொழுந்து பறிக்க முடியாது. கணக்கெழுத முடியாது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக முடியாது. ஆகவே ஸ்வெட்டர் என்பது குடும்பத்தின் சொந்தச் செலவாகவே நின்றுவிட்டது. அந்தச் செலவை எப்படிச் சிக்கனமாகச் செய்வது என்பதே கேள்வி.

ஒன்று தடிப்பா, இரண்டு மெல்லிசா?

சமவெளியிலிருந்து புதிதாக வருகிறவர் முதலில் செய்யும் தவறு, கடையில் இருப்பதிலேயே தடித்த ஸ்வெட்டராகப் பார்த்து ஒன்று வாங்குவதுதான். காலை ஏழு மணிக்கு அது சுகமாயிருக்கும். பத்து மணிக்கு வெயில் ஏறியதும் கழற்றத் தோன்றும். உழைப்பவருக்கு அதற்குள் உள்ளே வியர்த்திருக்கும். கழற்றினால் ஈர உடம்பில் காற்றுப் பட்டுச் சளி பிடிக்குமோ என்ற பயம்; போட்டிருந்தால் புழுக்கம்.

உண்மையில் உடம்பின் சூட்டைக் காப்பது நூல் மட்டும் அல்ல. நூலுக்கு நடுவே அடைபட்டு நிற்கும் காற்று. ஆகவே தடித்த ஒன்றைவிட மெல்லிய இரண்டு மேல். உள்ளே பருத்தி பனியன். அதன்மேல் கையில்லாத ஸ்வெட்டர். அதற்கும் மேலே முன்பக்கம் பொத்தான் வைத்த கார்டிகன். வெயில் ஏற ஏறப் பொத்தானைத் திறக்கலாம். பிறகு கார்டிகனை மட்டும் கழற்றி இடுப்பில் கட்டலாம். தலை வழியாகப் போடும் ஸ்வெட்டரில் இந்த வசதி கிடையாது. ஆனி, ஆடி மழையில் இவற்றின்மேல் மழைக்கோட்டு. சித்திரையில் விடியலுக்குக் கையில்லாத ஸ்வெட்டர் ஒன்றே போதும்.

கார்டிகன் என்ற பெயர் ஓர் ஆங்கிலேயப் பிரபுவின் பெயர். 1854 அக்டோபர் 25 அன்று, கிரிமியப் போரில் பாலக்ளாவா என்ற ஊரில் நடந்த சண்டையில் குதிரைப் படையை நடத்தியவர் அவர். நாம் குரங்குக் குல்லா என்று சொல்வதற்கு ஆங்கிலத்தில் அந்த ஊரின் பெயரே நிலைத்துவிட்டது!

ஊசி நீலகிரியில் பிறந்தது

ஸ்வெட்டர் பின்னும் ஊசிக்கு வெளிநாட்டை நோக்க வேண்டியதில்லை. நீலகிரி மலையில் கேத்தி என்ற ஊரில் 1949-இல் தொடங்கிய ஊசித் தொழிற்சாலையின் ‘போனி’ பின்னல் ஊசிகள் உலகச் சந்தையிலும் விற்பனையாகின்றன.

ஊசிக்கு எண் உண்டு. எண் கூடக் கூட ஊசி மெலியும். இடுப்புப் பட்டையும் மணிக்கட்டுப் பட்டையும் 10-ஆம் எண் ஊசியில் இரண்டு கண்ணி நேராக, இரண்டு கண்ணி திருப்பி என்று பின்னினால் ரப்பர் போல் இழுத்துப் பிடிக்கும். உடல் பகுதிக்கு 8-ஆம் எண் பொருந்தும். பெரியவருக்கு முழுக்கை ஸ்வெட்டர் என்றால் நூலின் தடிப்பைப் பொறுத்து ஏறக்குறைய அரைக் கிலோ நூல் பிடிக்கும்.

கையால் பின்னுவதில் பெரிய லாபம் கூலி மிச்சம் மட்டும் அல்ல. பிரித்துப் பின்னலாம் என்பதே. பிள்ளையின் சட்டைக் கையைத் தோளிலிருந்து கீழ்நோக்கிப் பின்னி வைத்தால், அடுத்த வருஷம் மணிக்கட்டுப் பட்டையை மட்டும் பிரித்து நான்கு விரற்கடை நீட்டிவிடலாம். அப்பாவின் பழைய ஸ்வெட்டரை முழுவதும் பிரித்து, நூலைச் சிட்டமாகச் சுற்றி நனைத்து, கீழே சிறு பாரம் கட்டித் தொங்கவிட்டால் சுருக்கம் நீங்கும். அதில் இளைய பிள்ளைக்கு ஒன்று தேறும். கடையில் தைத்து வரும் மலிவு ஸ்வெட்டர்களில் பல, துணியாக வெட்டித் தைத்தவை. அவற்றைப் பிரித்தால் துண்டு நூல்தான் மிஞ்சும்.

நூல் வாங்கும்போது

‘உல்லன்’ என்று விற்பதெல்லாம் ஆட்டு ரோமம் அல்ல. பெரும்பாலும் அக்ரிலிக் என்ற செயற்கை நூல். ஒரு துண்டு நூலைப் பற்றவைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். கம்பளி, முடி கருகும் நாற்றத்துடன் எரிந்து, விரலில் பொடியும் கரியாகும். அக்ரிலிக் உருகிக் கடினமான மணியாகும்.

இரண்டிலும் நன்மை உண்டு. கம்பளி தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை வாங்கிக்கொண்டும் சில்லிடாது. அக்ரிலிக் மலிவு, சீக்கிரம் உலரும், பூச்சி அரிக்காது. ஆனால் தீப்பட்டால் உருகித் தோலில் ஒட்டும். ஆகவே லயங்களில் விறகு அடுப்பு ஓரம் குளிர் காயும் குழந்தைகளுக்கு அக்ரிலிக் ஸ்வெட்டர் போட்டிருந்தால் தள்ளியே உட்காரவைக்க வேண்டும்.

கம்பளியை வெந்நீரில் போட்டால் சுருங்கிப் பிள்ளைச் சட்டையாகிவிடும். பூந்திக்கொட்டை நுரையில் அலசி, முறுக்கிப் பிழியாமல், நிழலில் பாயின்மேல் பரப்பி உலர்த்த வேண்டும். கொடியில் போட்டால் நீண்டுவிடும். ஊருக்குப் போகும்போது நன்றாக உலர்ந்ததைப் பாச்சை உருண்டையுடன் பெட்டியில் வைத்துவிட்டுப் போகலாம்.

வேலந்தாவளத்தில் பஸ் ஏறும்போது பையில் தனித்தனியாக இரண்டு மெல்லிய ஸ்வெட்டர்கள் இருக்கட்டும். எதை எங்கே போடுவது, எங்கே கழற்றுவது என்று மலையே சொல்லித்தரும்.