வரலாற்றுப் புதினம் படிக்கும் இன்பம்

கதை படிப்பதைக் கடியும் பெரியோர் இருவகையினர். கதையால் காலம் வீணாகும் என்பர் ஒரு சாரார். வரலாற்றைக் கதையாக்கின் உண்மை கெடும் என்பர் மற்றொரு சாரார். முதற் சாரார்க்கு விடை கூறுதல் எளிது. நல்ல கதையை இன்பம் கருதியே படித்தல் குற்றமன்று. இன்பம் பயவாத நூலை எவரும் மறுமுறை கையில் எடுப்பதில்லை. மறுமுறை எடுக்கப்படாத நூல் மனத்தில் நிலைப்பதும் அரிது. இரண்டாம் சாரார் கூறுவதோ ஆராய்தற்குரியது.

நம் பழைய மன்னர் வரலாற்றிற் பெரும்பகுதி கல்லிலும் செப்பேட்டிலும் இருந்து கிடைத்ததாகும். இன்ன மன்னனது இன்ன ஆட்சியாண்டில், இன்ன கோயிலில் விளக்கெரித்தற்கு இத்துணை ஆடுகள் விடப்பட்டன என்று கல்வெட்டுக் கூறும். ஆடு விட்டவன் நெஞ்சில் இருந்த கவலையையோ, அவன் நடந்து வந்த வழியில் எழுந்த புழுதியையோ அது கூறாது. அவ்வாறு கூறாது விடப்பட்ட இடத்தில்தான் புதின ஆசிரியனது பணி தொடங்குகின்றது.

இதற்குத் தக்க சான்று, கல்கி எனப் புகழ்பெற்ற ரா. கிருஷ்ணமூர்த்தி (1899–1954) இயற்றிய ‘பொன்னியின் செல்வன்’ ஆகும். 1950 முதல் 1954 வரை ‘கல்கி’ வார இதழில் தொடர்ந்து வெளிவந்த இப்புதினம் ஐந்து பாகங்களை உடையது. இவ்வாசிரியரின் நூல்கள் 1999-ஆம் ஆண்டில் நாட்டுடைமை ஆக்கப்பட்டன.

ஆடிப்பெருக்கு நாளில், வீரநாராயண ஏரிக்கரைமீது வாணர்குலத்து இளவீரன் வந்தியத்தேவன் குதிரையூர்ந்து வருவதோடு கதை தொடங்குகின்றது. முதற் பராந்தக சோழன் காலத்தில் அமைந்த அவ்வேரி, வீராணம் என்னும் பெயரோடு கடலூர் மாவட்டத்தில் இன்றும் உள்ளது. ஏரியை அடுத்த காட்டுமன்னார்கோயிலில், உடையார்குடி என்னும் பகுதியில் அனந்தீசுவரம் என்னும் சிவன் கோயில் இருக்கின்றது. அக்கோயிற் சுவரில் முதலாம் இராசராசனது இரண்டாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டொன்று காணப்படுகின்றது. அவன் தமையனாகிய ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் சோமன், இரவிதாசன், பரமேசுவரன் முதலியோர் என்றும், அவர்தம் நிலங்களும் உறவினர் நிலங்களும் கைப்பற்றப்படுக என்றும் அது தெரிவிக்கின்றது. கொலை எதன் பொருட்டு நிகழ்ந்தது, பின்னின்று தூண்டியவர் உளரோ என்பவற்றை அக்கல் கூறவில்லை.

கல் வாய்மூடிய இடத்தில் கல்கி வாய்திறக்கின்றார். இரவிதாசனைக் கல்வெட்டிலிருந்தே எடுத்து நம் கண்முன் நடமாட விடுகின்றார். நந்தினி, பூங்குழலி, ஆழ்வார்க்கடியான் ஆகியோர் அவர் கற்பனையிற் பிறந்தவர். வந்தியத்தேவனோ வரலாற்றில் உள்ளவன். குந்தவைப் பிராட்டியின் கணவன் என்று தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டு அவனைச் சுட்டுகின்றது. அத்தகைய சிறு குறிப்பிலிருந்து அஞ்சாமையும் குறும்பும் அவசரமும் நிறைந்த இளைஞன் ஒருவனை ஆசிரியர் ஆக்கித் தந்தார்.

அகப்பாடல்களின் நெறியைக் கூறுமிடத்து, நாடக வழக்கும் உலகியல் வழக்கும் கலந்து அமைவதே புலவர் நெறி எனத் தொல்காப்பியர் கொண்டார். உலகத்தார் ஒழுகுவது உலகியல். சுவை தோன்றப் புலவர் புனைவது நாடகம். இப்பாகுபாடு வரலாற்றுப் புதினம் படிப்பார்க்கும் பெரிதும் பயன்படும்.

இவ்விரண்டையும் பிரித்தறியாவிடின் நேரும் தீங்கு சிறிதன்று. புதினத்தில் பழுவேட்டரையர் இருவரும் சுந்தர சோழனின் மக்களை விலக்கி, மதுராந்தகனுக்கு முடிசூட்டச் சூழ்கின்றனர். கல்வெட்டுகளிற் காணும் பழுவேட்டரையரோ சோழர்க்குப் படைத்துணையாய் நின்றவர். கோயில்களுக்குக் கொடை ஈந்தவர். மதுராந்தகன் என்னும் உத்தம சோழன் நிலையும் எண்ணத்தக்கது. ஆதித்த கரிகாலன் கொலையில் அவனுக்குத் தொடர்பு இருத்தல் கூடும் என்று வரலாற்றறிஞர் நீலகண்ட சாத்திரியார் ஐயுற்றார். சதாசிவ பண்டாரத்தார் அவ்வையத்தை மறுத்தார். அறிஞரே ஒருமுடிபு காணாத வழக்கில், கதையை மட்டும் படித்த நாம் தீர்ப்புக் கூறுதல் முறையாகுமோ? இறந்தவர் எழுந்துவந்து தம் பக்கத்தை எடுத்துரைக்க இயலாது. ஆதலின் அவர்மீது பழி கூறுமுன் நாம் பன்முறை எண்ணுதல் வேண்டும்.

அங்ஙனமாயின், புதினம் ஊட்டும் உயர்ந்த எண்ணங்களும் பொய்யோ எனின், அன்று. ஐந்தாம் பாகத்தின் பெயர் ‘தியாக சிகரம்’. குடிமக்கள் விரும்பியும் அருள்மொழிவர்மன் அரசுரிமையை ஏலாது, சிறிய தந்தைக்கு விட்டுக்கொடுத்தான் என்னும் செய்தியே அதன் உயிர்நிலை. இச்செய்தி திருவாலங்காட்டுச் செப்பேட்டில் உள்ளது. அச்செப்பேடு அவன் மகன் இராசேந்திரனால் ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழிந்தபின் வெளியிடப்பட்டது. எனவே மகன் அவையில் தந்தையைப் புகழ்ந்த சொல் அது என்பதையும் மறத்தலாகாது. ஆயினும் உத்தம சோழன் ஏறத்தாழ 15 ஆண்டுகள் ஆண்டான் என்பதும், அவனுக்குப் பின்னரே, 985-இல், இராசராசன் அரியணை ஏறினான் என்பதும் வரலாறு. காத்திருந்தவன் பின்னாளில் பேரரசனாய் விளங்கினான் என்று அறியும்போது நம் உள்ளம் நிமிர்தல் இயல்பேயன்றோ?

மாணவர்களே! வரலாற்றுப் புதினத்தை முதன்முறை படிக்கும்போது தடையின்றிப் படித்து மகிழுங்கள். குதிரையின் குளம்பொலி கேட்கும் இடத்தில் ஆராய்ச்சி வேண்டுவதில்லை. மறுமுறை படிக்கும்போது ஒரு தாளை அருகில் வைத்து, கல்வெட்டுக் கூறியது எது, அறிஞர் ஊகித்தது எது, ஆசிரியர் புனைந்தது எது என மூன்றாகப் பகுத்து எழுதுங்கள். இதனால் இன்பம் குறையும் என அஞ்சற்க. கல்லில் இருந்த செய்தி எத்துணைச் சிறிது, அதனைக் கொண்டு ஆசிரியர் எழுப்பிய மாளிகை எத்துணைப் பெரிது என்பது அப்பொழுதுதான் புலனாகும்.

ஆகவே உண்மை கெடுவது புதினத்தால் அன்று. பிரித்தறியாது படிப்பதனால் ஆகும். உடையார்குடிக் கோயிலுக்குச் செல்லும் இளைஞன் ஒருவன், தான் கதையிற் கண்ட இரவிதாசனின் பெயர் சுவரில் வெட்டப்பட்டிருப்பதை அறிந்து வியந்து நிற்றல் கூடும். அவனை அச்சுவர்வரை அழைத்து வந்தது கதையே. அதற்கு மேல் அக்கல் கூறுவதை மட்டும் கேட்டு, கூறாததை அதன்மேல் ஏற்றாதிருத்தல் அவன் கடமையாகும்.