கதவுக்கு ஒரு தாழ்ப்பாள்

மீள்குடியேறிய கிராமமொன்றுக்கு விருந்தினர் வந்தால் முதலில் கூரையை அண்ணாந்து பார்ப்பார்கள். பின்பு சுவரைத் தட்டிப் பார்ப்பார்கள். படம் எடுப்பார்கள், போய்விடுவார்கள். உள்ளே நின்று கதவைச் சாத்திப் பார்ப்பவர் அரிது. ஆனால் அந்த வீட்டில் பிள்ளைகளோடு இரவைக் கழிக்கப்போகும் தாய்க்கு முதற் கேள்வியே அதுதான்: இந்தக் கதவு உள்ளிருந்து பூட்டுமா?

அரிப்பிலும் அதைச் சூழ்ந்த முசலிக் கிராமங்களிலும் இதை வெறும் தச்சுவேலைக் கேள்வி என்று தள்ளிவிட முடியாது. 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்தின் முஸ்லிம் மக்கள் ஏறத்தாழ 75,000 பேரை வெளியேற்றியபோது, முசலியின் முஸ்லிம் குடும்பங்கள் புத்தளம், கற்பிட்டிப் பக்கம் போய்ச் சேர்ந்தன. 2007 செப்ரெம்பரில் சிலாவத்துறை இராணுவத்தின் கைக்கு வந்தபோது இப்பகுதித் தமிழ்க் குடும்பங்கள் நானாட்டான், முருங்கன் என்று அலைந்தன. அதே மாதம் முள்ளிக்குளத்து மக்களும் ஊரைவிட்டு வெளியேற, அங்கே கடற்படை முகாம் எழுந்தது. 2017இல்தான் அந்த நிலத்தின் ஒரு பகுதியை விடுவிக்கும் அறிவிப்பு வந்தது. முசலியில் மீள்குடியேற்றம் 2009இல் தொடங்கியது. திரும்பி வந்தவர் பலர் கண்டது காடேறிய வளவும், நிலையோடு கதவு பிடுங்கப்பட்ட சுவர்களும். புறப்பட்ட நாளில் பூட்டிவிட்டுப் போன பூட்டு எவருடைய வீட்டையும் காக்கவில்லை.

இடையிலே கழிந்த ஆண்டுகள் கதவில்லாத ஆண்டுகள். கூடாரத்துக்குக் கதவில்லை. தறப்பாள் கொட்டிலுக்கும் இல்லை. 2009இல் செட்டிகுளம் மெனிக் பாமில் லட்சக்கணக்கான மக்கள் அடைக்கப்பட்டிருந்தபோது சுற்றிவர முட்கம்பி இருந்தது. குடும்பத்துக்கென்று ஒரு தாழ்ப்பாள் இருக்கவில்லை. வெளியார் பூட்டிவைப்பதற்கும் நாமே உள்ளிருந்து பூட்டிக்கொள்வதற்கும் உள்ள வித்தியாசத்தை அந்த முகாம்களில் இருந்த பெண்களுக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. உடை மாற்றுவதற்கு இருட்டும்வரை காத்திருந்தவர்கள் அவர்கள். அகதிகள் பணிக்கென உலகத் தொண்டு நிறுவனங்கள் வகுத்துக்கொண்ட 'ஸ்பியர்' நியமங்கள், மலசலகூடக் கதவு உள்ளிருந்து பூட்டக்கூடியதாக இருக்கவேண்டும் என்று சொல்கின்றன. ஒரு சிறிய இரும்புத் துண்டை உலக நியமத்தில் எழுதவேண்டி வந்ததென்றால், அது இல்லாத இடங்களில் என்ன நடந்தது என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

சண்டைக் காலத்தில் இன்னொரு பழக்கமும் எம்மிடம் ஒட்டிக்கொண்டது. ஷெல் விழுந்தால் பதுங்குகுழிக்கு ஓடவேண்டும் என்பதால் கதவைச் சும்மா சாத்திவிட்டுப் படுப்போம். இன்றும் சில வீடுகளில் வயதானவர்கள் தாழ்ப்பாள் போட மறுக்கிறார்கள். அவர்களோடு வாதாடுவதில் பயனில்லை. இலகுவாகக் கழலும் தாழ்ப்பாளை, கைக்கெட்டும் உயரத்தில் போட்டுக் கொடுத்தால் மெல்ல மெல்லப் பழகிக்கொள்கிறார்கள்.

பாபிலோனிலிருந்து திரும்பிய மக்கள் எருசலேமின் மதிலைக் கட்டிய கதையை நெகேமியா நூலின் 3ஆம் அதிகாரத்தில் வாசித்துப் பாருங்கள். பூசைக்கு வாசிக்க எவரும் விரும்பாத அதிகாரம் அது. முழுவதும் பெயர்ப் பட்டியல். ஆனால் அந்தப் பட்டியலில் வாயில்கள் பலவற்றைப் பற்றிக் கதவு மாட்டினார்கள், தாழ்ப்பாளும் குறுக்குச் சட்டமும் பொருத்தினார்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. இன்ன குடும்பம் இன்ன பகுதியைச் செய்தது என்ற கணக்கும் இருக்கிறது. மதில் 52 நாளில் முடிந்தது என்று 6ஆம் அதிகாரம் கூறும். திரும்பி வந்த மக்களுக்குத் தாழ்ப்பாள் ஒரு அற்ப விடயமாகத் தோன்றவில்லை.

எமது வீட்டுத்திட்டங்களிலோ அது கடைசியில் வருகிறது. 2012இல் தொடங்கிய இந்திய வீட்டுத்திட்டத்தில், சொந்தமாகக் கட்டிக்கொள்ளும் குடும்பத்துக்கு 550,000 ரூபாய் கட்டங் கட்டமாகக் கிடைத்தது. பல இடங்களில் நான் பார்த்தது இதுதான்: அத்திவாரத்தில் சற்றுக் கூடச் செலவாகும், சீமெந்து விலை ஏறும், கூரை ஏறும்போது கை வெறுமையாகிவிடும். கதவுக்கு மிஞ்சுவது கடன். கூட்டங்களில் ஆண்கள் சீமெந்து மூடையைப் பற்றியும் மணலைப் பற்றியும் கேட்பார்கள். தாழ்ப்பாளைப் பற்றிக் கேட்பது பெண்கள், அதுவும் கூட்டம் கலைந்த பிறகு, தனியே. கணவனை இழந்து பிள்ளைகளோடு இருப்பவர்கள் அவர்களில் அதிகம். திட்டம் போடும் சகோதரர்கள் இதைக் கவனிக்கவேண்டும். மதிப்பீட்டிலேயே கதவுச் சாமான்களுக்கு ஒரு தொகையை ஒதுக்கி வைத்துவிட்டு மற்றதைச் செலவழிப்பது நல்லது.

இனி வேலைக்கு வருவோம். ஓடாவியார் கிடைத்தால் அவரைக்கொண்டே செய்விக்கலாம். கிடைக்காவிட்டாலும் பாதகமில்லை. சுத்தியல், திருப்புளி, ஒரு சிறு துறப்பணம், பென்சில், அளவுநாடா இருந்தால் அரைநாளில் வீட்டுக்காரியே செய்துவிடக்கூடிய வேலை.

எமது பக்கத்து வீடுகளில் 'திறாங்கு' என்று சொல்லும் மரச் சட்டம் பழைய முறை. கதவுக்குக் குறுக்கே இரண்டு கொளுக்கியில் விழும். அந்தச் சொல்லும், சாவியும், யன்னலும், அலவாங்கும் போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொற்கள். அரிப்புக் கோட்டையைக் கட்டியவர்களும் அவர்களே. பின்பு ஒல்லாந்தர் கைக்கு மாறியது. கண்டி இராச்சியத்தில் 19 ஆண்டுகளுக்கு மேல் கைதியாயிருந்த றொபேட் நொக்ஸ், அருவியாற்று ஓரமாக நடந்து 1679 ஒக்ரோபரில் வந்து சேர்ந்தது இந்தக் கோட்டைக்குத்தான். அத்தனை ஆண்டும் அவரைத் தடுத்துவைத்தது பூட்டிய கதவல்ல. அவர் கிராமத்தில் சொந்தமாக வீடு கட்டி இருந்தவர். அது வேறு கதை. மரத் திறாங்கு இன்றும் உறுதியானது, செலவும் இல்லை. முதிரையோ பாலையோ ஒரு துண்டு கிடைத்தால் தாராளமாகப் போடுங்கள். ஆனால் பாரம் கூட. சிறு பிள்ளையும் நோயாளியும் அவசரத்தில் தூக்கமாட்டார்கள். அதனால் தள்ளித் திறக்கும் தாழ்ப்பாளே பொதுவாக நல்லது.

கடையில் 'ரவர் போல்ட்' என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். 4 அங்குலம் முதல் 12 அங்குலம் வரை நீளத்தில் வரும். வாசற் கதவுக்கு 8 அங்குலம் போதும், உள்ளறைக்கு 6. நீளத்தைவிடத் தண்டின் பருமனைப் பாருங்கள். பென்சில் மொத்தத்தில் இருந்தால் வேண்டாம்; சின்ன விரல் மொத்தமாவது இருக்கட்டும். கையில் பிடித்து ஆட்டிப் பார்த்தால் தண்டு வளையத்துக்குள் கடகடவென்று ஆடக்கூடாது.

எந்த உலோகம் என்பது எமக்கு முக்கியமான கேள்வி. ஊரின் பெயரே அரிப்பு. ஆளுநர் பிரெடெரிக் நோர்த் முத்துக்குளிப்பைப் பார்வையிடவென்று 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய மாளிகையையே கடல் அரித்துத் தின்றுவிட்டது. உப்புக் காற்றில் சாதாரண இரும்புத் தாழ்ப்பாள் ஓரிரு மழைக்காலத்தில் இறுகிப்போகும். பித்தளை துருப்பிடிக்காது; விலை கூட. துருப்பிடிக்காத உருக்கு அதற்கு அடுத்தது. அதற்கும் வசதியில்லாவிட்டால் நாகமுலாம் பூசியது. எதை வாங்கினாலும் திருகாணியும் அதே உலோகமாக இருக்கவேண்டும். பித்தளைத் தாழ்ப்பாளுக்கு இரும்புத் திருகாணி போட்டால், உப்பு ஈரத்தில் இரண்டும் தொடும் இடத்தில் இரும்பு சாதாரணமாகத் துருப்பிடிப்பதைவிட வேகமாகக் கரையும். தாழ்ப்பாள் புதிதாக மினுங்கும், ஆணி உள்ளே உக்கிப்போயிருக்கும்.

வேலையைத் தொடங்குமுன் கதவைத் திறந்து, விளிம்பைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். அசைந்தால் பிணைச்சலின் ஆணிகள் தளர்ந்திருக்கின்றன. அதை இறுக்காமல் தாழ்ப்பாள் போட்டால் ஒரு மாதத்தில் கதவு தொய்ந்து, தண்டு துளைக்கு நேராக வராது. நிலையையும் தள்ளிப் பார்க்கவேண்டும். சுவரோடு நிலை ஆடினால் முதலில் சீமெந்து வைத்து அதை இறுக்குவதே வேலை.

உள்ளே திறக்கும் கதவில், உட்புறத்தில், பிணைச்சலுக்கு எதிர் விளிம்பில், நிலத்திலிருந்து 3 அடி அல்லது 3½ அடி உயரத்தில் தாழ்ப்பாளைப் பிடியுங்கள். கதவு சாத்தியிருக்கட்டும். தண்டைப் பின்னே இழுத்த நிலையில் அதன் நுனி கதவு விளிம்புக்கு ஒரு நெருப்புக்குச்சி மொத்தம் உள்ளே நிற்கவேண்டும். மட்டம் பார்த்துத் துளைகளைப் பென்சிலால் குறியுங்கள். பாலை, முதிரை, வேம்பு எதுவானாலும் துளை போடாமல் திருகாணி ஏற்றாதீர்கள். பலகை வெடிக்கும், அல்லது ஆணியின் தலை முறியும். திருகாணியின் தண்டைவிடச் சிறிய துளை வேண்டும். துறப்பணம் இல்லாதவர்கள் ஆணியொன்றைத் தணலில் பழுக்கக் காய்ச்சிக் குறட்டால் பிடித்துச் சுட்டுத் துளைக்கலாம். பழைய முறைதான், நன்றாக வேலை செய்யும். பித்தளைத் திருகாணி மென்மையானது. அதே அளவு இரும்புத் திருகாணியை முதலில் ஏற்றி இறக்கிவிட்டு, அந்த வழியில் பித்தளையை ஏற்றினால் முறியாது. புரியில் சவர்க்காரமோ மெழுகுதிரியோ தடவிக்கொள்ளுங்கள். கதவுப் பலகை 1¼ அங்குல மொத்தமானால் திருகாணி 1 அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. முதலில் இரண்டை மட்டும் ஏற்றி, தண்டு தடையின்றி ஓடுகிறதா என்று பார்த்த பின்பே மற்றவற்றை ஏற்றவேண்டும்.

அடுத்து, தண்டு போய் நுழையும் நாதாங்கி. தண்டின் நுனியில் விளக்குக் கரியைத் தடவி, கதவைச் சாத்தித் தள்ளுங்கள். கரி பட்ட இடந்தான் அதன் இடம். கதவும் நிலையும் ஒரே மட்டத்தில் இல்லாவிட்டால் தாழ்ந்திருக்கும் பக்கத்தில் ஒரு மரத் துண்டை வைத்துச் சமப்படுத்தலாம். இங்கேதான் பலரும் சிக்கனம் பார்க்கிறார்கள். வெளியிலிருந்து ஒருவன் உதைத்தால் வேகம் முழுவதும் விழுவது நாதாங்கியின் இரண்டு ஆணிகளில். கதவின் மெல்லிய பலகைக்கு 1 அங்குலம் என்றேன். நிலை மொத்தமானது, ஆகவே நாதாங்கிக்கு 2 அங்குலத் திருகாணி போடுங்கள். நிலை உக்கலாயிருந்தால் ஊடறுத்துப் போகும் போல்ட்டும் நட்டும்.

வெளியே திறக்கும் கதவானால் உட்புறத்தில் நிலையின் விளிம்பு குறுக்கே நிற்கும். அங்கே நாதாங்கி தேவையில்லை. நிலையிலேயே தண்டு போகத் துளையிட்டால் சரி.

வாசற் கதவுக்கு நடுவில் ஒன்று போதாது. மேலும் கீழும் ஒவ்வொன்று நிலைக்குத்தாகப் போடுங்கள். கள்வனைவிடக் காற்றுக்காகவே இதைச் சொல்கிறேன். 1964 டிசெம்பர்ப் புயலை மன்னாரில் பெரியவர்கள் மறக்கவில்லை. 2020 டிசெம்பரில் 'புரெவி' வந்தது. புயலில் கதவு திறந்துகொண்டால் உள்ளே புகுந்த காற்று கூரையைக் கீழிருந்து தள்ளும். வெளிக்காற்று மேலிருந்து இழுக்கும். தகரமும் ஓடும் பறப்பது பெரும்பாலும் அப்போதுதான். கீழ்த் தாழ்ப்பாளுக்குச் சீமெந்து நிலத்தில் வெட்டிரும்பால் துளை வெட்டி, ஒரு சிறு குழாய்த் துண்டைப் பதித்துப் பூசவேண்டும். எங்கள் மணல் அந்தக் குழிக்குள் நிறைந்துவிடும். கூட்டும்போது ஒரு குச்சியால் கிளறிவிடுங்கள்.

தகரக் கதவுள்ள கொட்டிலுக்கும் மலசலகூடத்துக்கும் வேறு முறை. தகரத்தில் திருகாணி நிற்காது. உட்புறம் 4 அங்குல அகலப் பலகையொன்றை வைத்து, வெளியிலிருந்து போல்ட்டும் நட்டும் போட்டு, அந்தப் பலகையில் தாழ்ப்பாளை ஏற்றுங்கள். நட்டு உட்பக்கம் இருக்கட்டும். மலசலகூடத்துக்கு 4 அங்குலத் தாழ்ப்பாள் போதும். ஆனால் அதைப் பிறகு பார்ப்போம் என்று விடாதீர்கள். ஒரு வீட்டில் பணம் ஒரு தாழ்ப்பாளுக்குத்தான் இருக்கிறதென்றால், வயதுவந்த பெண்பிள்ளைகள் உள்ள வீட்டில் அது முதலில் அங்கேதான் போகவேண்டும் என்பது என் எண்ணம்.

வயலுக்குப் போகும்போது வெளியே போடும் கொண்டியும் ஆமைப்பூட்டும் வேறு காரியம். கொண்டி மடிந்து விழும்போது அதன் ஆணித் தலைகளை மூடவேண்டும். வெளியே தெரிந்தால் திருப்புளி உள்ளவனுக்குச் சாவி வேண்டியதில்லை. உள்ளே ஆட்கள் இருக்கும்போது வெளியே ஆமைப்பூட்டுப் போடும் வழக்கத்தை, பிள்ளைகளின் பாதுகாப்புக்கென்று சொன்னாலும், கைவிடுங்கள். குப்பிவிளக்கு ஒன்று சரிந்தால் போதும்.

ஆபத்து உள்ளிருந்தே வரும் வீடுகளும் உண்டு. குடித்துவிட்டு வந்து கதவைத் தாழிட்டு அடிக்கும் வீட்டில் தாழ்ப்பாள் யார் பக்கம் என்று கேட்கவேண்டியிருக்கிறது. அப்படிப்பட்ட வீட்டில் உள்ளறைக் கதவுக்கும் ஒன்று போட்டு, அதைத் தாயும் பிள்ளைகளும் உள்ளிருந்து போடக்கூடியதாக வைக்கவேண்டும். அயலவர் சத்தம் கேட்டால் தட்டவும் வேண்டும். நள்ளிரவில் நண்பன் வந்து தட்டும் உவமை லூக்கா 11இல் இருக்கிறது. கதவைச் சாத்தியாயிற்று, பிள்ளைகள் என்னோடு படுத்திருக்கிறார்கள் என்று உள்ளிருப்பவன் சாட்டுச் சொல்கிறான். ஒரே அறையில் குடும்பம் முழுவதும் படுக்கும் வீடு அது, எமது வீடுகளைப் போல. தட்டியவன் விடவில்லை.

வில்பத்துப் பக்கக் கிராமத்தவர்கள் யானையைப் பற்றிக் கேட்பீர்கள். அறுவடை நெல்லை வீட்டுக்குள் அடுக்கினால் யானை சுவரையே சரிக்கும். அதற்குத் தாழ்ப்பாள் ஒரு பொருட்டல்ல. நெல்லைப் படுக்கும் அறையில் வைக்காதீர்கள்.

போட்ட தாழ்ப்பாளுக்குத் தேங்காயெண்ணெய் விடும் பழக்கம் பரவலாக உண்டு. அது மணலைப் பிடித்துக்கொள்ளும். மெழுகுதிரித் துண்டைத் தண்டில் தேய்ப்பது மேல். பென்சில் கரியும் ஆகும். மாரிக்கு முன், புரட்டாதியில், நாதாங்கியின் ஆணிகளை ஒருமுறை இறுக்கி, உப்புப் படிந்திருந்தால் நன்னீரில் நனைத்த துணியால் துடைத்து, மெழுகு தேய்த்துவிடுங்கள்.